மழைக் காலத்தில் வீட்டுச் சுவரைக் காப்பது எப்படி?

ஐப்பசி பிறந்து வானம் இருண்டதும் உழவர்கள் ஏரிக் கரையைப் பார்க்கிறார்கள், வரப்பைச் சரி செய்கிறார்கள், கரும்புக்கு வடிகால் எடுக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டின் சுவரடியைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரக் கிராமங்களில் மண் சுவரும், மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவரும் உள்ள பழைய வீடுகள் இன்னும் பல இருக்கின்றன. பெருமழையின்போது இந்த வீடுகளில் இருப்பவர்கள் ஆற்றுக்கு அஞ்சுவதைவிடத் தங்கள் சுவருக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தாண்டினால் வருவது வேலூர் மாவட்டம். அங்கே பேரணாம்பட்டில் 2021 நவம்பர் 19ஆம் தேதி காலை, இரவெல்லாம் பெய்த மழையில் ஊறிய வீடு ஒன்று இடிந்து விழுந்தது. நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான கல் சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் மடிந்தார்கள். அந்தச் சுவர் அவர்களுடையது அல்ல, அடுத்தவர் எழுப்பியது. இரண்டு இடத்திலும் ஆறு ஊருக்குள் வந்து அடித்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்திருந்தவர்களின் மேல் நனைந்த சுவர் விழுந்தது.

சுவர் ஏன் விழுகிறது?

கோடையில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான ஊர்களைப் பத்திரிகைகள் வரிசைப்படுத்தும்போது வேலூருடன் திருத்தணியின் பெயரும் தவறாமல் வரும். அந்த வெயிலில் மண் சுவர் காய்ந்து சுருங்கி வெடிப்பு விடுகிறது. ஆடி, ஆவணியில் மாலை வேளைகளில் இடியோடு பெய்யும் மழை அந்த வெடிப்புகளில் இறங்கத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், காய்வதற்கு இடைவெளியே இல்லாமல் சுவர் ஊறிப்போகிறது. உலர்ந்த மண்ணுக்கு இருக்கிற பிடிப்பு ஊறிய மண்ணுக்கு இல்லை. பாரமும் கூடிவிடுகிறது. மேலே ஓடும், வாரையும், உத்திரமும் அதே சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பெரும்பாலும் சுவர் தலையில் கெடுவதில்லை, காலில்தான் கெடுகிறது. கூரை ஓரத்திலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறித்து, சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் கரைக்கிறது. தரையில் தேங்கும் நீரைச் சுவர் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுத்துக்கொள்கிறது. நாலைந்து ஆண்டு இப்படியே விட்டால் சுவரின் அடி உள்வாங்கி, மேற்பகுதி துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நல்ல மழை போதும்.

எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 20 அடிக்கு 25 அடி உள்ள ஓட்டு வீட்டின் மேல் ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால், கூரையிலிருந்து சுமார் 4,600 லிட்டர் நீர் இறங்கும். அதாவது 15 லிட்டர் குடத்தில் 300 குடத்துக்கு மேல். இவ்வளவும் இரண்டு பக்கச் சுவரடியில் வந்து விழுகிறது. 10 செ.மீ. என்பது அபூர்வமான மழையும் அல்ல. வானிலை ஆய்வு மையம் ‘கனமழை’ என்று சொல்வது ஒரு நாளில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை ‘மிகக் கனமழை’. அதையும் தாண்டினால் ‘அதி கனமழை’. வானொலியில் இந்தச் சொற்கள் வரும்போது 300 குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, சுவரடியிலிருந்து நீரை விலக்குவது. சுவரை ஒட்டி மூன்று அடி அகலத்துக்குச் சரளை கலந்த செம்மண்ணைக் கொட்டி, வெளிப்பக்கம் மூன்று அங்குலம் சரிவு வரும்படி நன்றாகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். சரிவு முடியும் இடத்தில் ஒரு சிறு கால்வாய் எடுத்து, நீரைத் தெருவுக்கோ தோட்டத்துக்கோ ஓட விட வேண்டும். கூரை நீர் விழும் வரிசையில் உடைந்த ஓட்டுச் சில்லு, ஜல்லி, கூழாங்கல் பரப்பினால் தெறிப்பு குறையும். மண்வெட்டியும் இரண்டு நாள் உழைப்பும் போதும். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எரு, வைக்கோல், விறகு, செங்கல் ஆகியவற்றைச் சுவரோடு சுவராக அடுக்கும் பழக்கத்தை மழைக் காலத்திலாவது விட்டுவிட வேண்டும். அவற்றின் அடியில் ஈரம் காய்வதே இல்லை. எலி, பெருச்சாளி வளைகளைக் கல்லும் மண்ணும் இட்டு அடைக்க வேண்டும். கடைக்காலுக்குள் நீர் இறங்க அதைவிட நல்ல வழி வேறு இல்லை.

கூரை, சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ வைத்து ஓரத்தை நீட்டலாம். உடைந்த ஓடுகளை மாற்றி, மோட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும். தார்ப்பாய் போடுபவர்கள் அதன் மேல் கருங்கல்லை வைக்கிறார்கள். காற்று வீசும்போது அந்தக் கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. தார்ப்பாயைக் கயிற்றால் வாரையோடு கட்டுவதே முறை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏறி நடக்கக் கூடாது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் பலகை போட்டு, ஷீட்டைத் தாங்கும் சட்டங்களின் மேல் எடை விழும்படி ஏற வேண்டும்.

மெத்தை வீட்டுக்காரர்கள் தங்களுக்கு இதில் வேலை இல்லை என்று எண்ண வேண்டாம். மொட்டை மாடியின் தூம்பு வாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. நீர் தேங்கினால், பத்து அடிக்குப் பத்து அடி அறையின் மேல் கிட்டத்தட்ட ஒரு டன் பாரம் ஏறிவிடும். மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெத்தைகள் இதைத் தாங்கா. மழைக்கு முன் ஒரு முறையும், மழை ஓய்ந்த இடைவேளைகளிலும் தூம்பைக் குத்திவிட வேண்டும்.

மண் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பூசினால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. சிமெண்டும் மண்ணும் ஒன்றாகச் சுருங்கி விரிவதில்லை. பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்ததும் நீர் உள்ளே போகும், வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கிவிடும். வெளியில் பார்க்க வழவழப்பாக இருக்கும் சுவர் உள்ளே சேறாகிக் கிடக்கும். மண்ணுடன் நறுக்கிய வைக்கோல் கலந்து, சில நாள் புளிக்க வைத்து மிதித்துப் பூசும் பழைய பூச்சும், அதன் மேல் சுண்ணாம்பும் மண் சுவருக்கு ஏற்றவை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், இதே பூச்சு மண்ணில் தார், மண்ணெண்ணெய், சிறிது மெழுகு சேர்த்த கலவையைக் கலந்து, மழையில் கரையாத மண் பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. தாரைக் காய்ச்சிய அடுப்பின் அருகில் மண்ணெண்ணெய் கலப்பது ஆபத்து. பழகிய கொத்தனாரைக் கொண்டு தை மாதத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம்.

எப்போது வீட்டைவிட்டு வெளியேறுவது?

கதவு மூலையிலிருந்தோ சன்னல் மூலையிலிருந்தோ சாய்வாக ஓடும் வெடிப்பைக் கவனியுங்கள். அதன் இரண்டு முனையிலும் கரித்துண்டால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மறுநாள் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது, சுவர் வயிறு தள்ளுவது, மண் பொலபொலவென்று உதிர்வது, உத்திரத்தின் முனை சுவரிலிருந்து விலகுவது, கூரையில் மரம் முனகும் ஓசை கேட்பது ஆகியவை எல்லாம் கடைசி எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வீட்டில் படுக்கக் கூடாது. சாமான்களை எடுக்கத் திரும்பப் போவதும் கூடாது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கோ உறவினரின் காங்கிரீட் வீட்டுக்கோ போய்விடுவது நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் வயதான அப்பாவையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மழையில் இறங்குவது யாருக்கும் எளிதல்ல. அதனால்தான் ‘விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு விபத்துகளும் விடிகிற நேரத்தில் நடந்தவை.

உங்கள் சுவர் உறுதியாக இருந்தாலும் பக்கத்து மனையின் பாழடைந்த சுவர், உயரமான மதில், மலையடிவாரமானால் மேலே இருக்கும் பாறையும் மண் சரிவும் உங்கள் பக்கம் சாயக்கூடுமா என்று பாருங்கள். அந்தப் பக்கத்து அறையில் மழை நாட்களில் படுக்க வேண்டாம். மாட்டையும் அந்தச் சுவர் ஓரம் கட்ட வேண்டாம்.

மழை நின்றுவிட்டது, வெயில் வந்துவிட்டது என்று உடனே ஊறிய வீட்டுக்குள் குடிபோவதும் தவறு. சுவருக்குள் இருக்கும் நீர் அடிநோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்க, உட்பக்கம் ஈரமாகவே இருப்பதால் புது வெடிப்பு விழும். மழை நின்ற இரண்டாம் நாள், மூன்றாம் நாள்கூடச் சுவர் விழுவதுண்டு. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்தில் உழவோடு தறியும் வைத்திருப்பவர்கள், சுவர் காயும்வரை விசைத்தறியை ஓட்டாமல் இருப்பது நல்லது. அதன் அதிர்ச்சியை ஊறிய சுவர் தாங்காது.

ஆற்று நீர் ஆந்திராவிலிருந்து வரும்

1960 ஏப்ரல் 1ஆம் தேதிவரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறினாலும் நீர் வரும் வழி மாறவில்லை. ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்பட்டால், பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வருகிறது. 2021 நவம்பர் மழையிலும் இப்படி வந்து தரைப்பாலங்கள் மூழ்கின. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் ஆறு நிரம்பி வரலாம். எனவே தமிழ்நாட்டு வானிலைச் செய்தியோடு ஆந்திரச் செய்தியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தெலுங்கு புரியாத வீடு நம் எல்லையோரத்தில் அதிகம் இல்லை. புயல் தொலைவில் கரையைக் கடக்கிறது என்று அலட்சியமாக இருப்பதும் சரியல்ல. 2023 டிசம்பர் 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்த மிக்ஜாம் புயல், அதற்கு முந்தைய இரு நாட்களில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டிவிட்டுப் போனது.

தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது கடக்கக் கூடாது. முழங்கால் அளவு நீர் வேகமாக ஓடினால் திடகாத்திரமான ஆளையும் தள்ளிவிடும். இரண்டு அடி நீர் காரையே நகர்த்தும். பால் கேனைச் சங்கத்தில் சேர்த்தாக வேண்டும் என்று மோட்டார் சைக்கிளில் இறங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்சாரமும் இடியும்

வீட்டுக்குள் நீர் ஏறும்போலத் தெரிந்தால், நீர் வருவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. சுவர் நனைந்து சுவிட்சுப் பலகையில் கை வைத்தால் ‘சுர்’ என்று இழுத்தால், மின் பணியாளர் பார்க்கும்வரை மின்சாரமே வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. ஓட்டு வீட்டுக்கும் தகர ஷீட் வீட்டுக்கும் இது அவசியம். மின் கம்பத்திலும் அதன் ஸ்டே கம்பியிலும் மாடு கட்டுவதும், துணிக்கொடி கட்டுவதும் எத்தனை முறை சொன்னாலும் குறையவில்லை. அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கத்தில் போகாமல், மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த பம்பு செட் ஸ்டார்ட்டரை ஈரக் கையால் தொடக் கூடாது. நீரில் மூழ்கிய மோட்டாரைக் காய வைத்துச் சோதிக்காமல் ஓட்டினால் காயில் எரிந்துவிடும்.

இடி இடிக்கும்போது வயலில் மரத்தடியிலும், தனியாக நிற்கும் தகரக் கொட்டகையிலும் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலுக்குத் திரும்ப வேண்டும். மத்திய அரசின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்ற செல்பேசிச் செயலி, அருகில் மின்னல் விழும் வாய்ப்பை முன்கூட்டிக் காட்டுகிறது. வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் ஏற்றித் தருவார்கள்.

நீர் வடிந்த பிறகு

வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே சுற்றி வந்து சுவரையும் கூரையையும் பாருங்கள். பிறகு கதவு, சன்னல்களைத் திறந்து காற்று ஓட விடுங்கள். மண் சுவரைத் தீ மூட்டியோ வேறு வகையிலோ அவசரமாகக் காய வைத்தால் வெடிப்பு விழும். காற்றில் மெதுவாகக் காய விட வேண்டும். அடி கரைந்த இடத்தில் வெறும் மண்ணை அப்பி மூடாமல், கூரையை மரக்கால் கொடுத்துத் தாங்கிவிட்டு, இரண்டு இரண்டு அடியாகக் கரைந்த மண்ணை நீக்கிச் சுட்ட செங்கல்லோ கருங்கல்லோ வைத்துக் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டினால் மேற்சுவர் இறங்கிவிடும்.

நெல் மூட்டைகளைக் கல் அடுக்கிப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைப்பது வழக்கமாக இருக்க வேண்டும். நனைந்த நெல்லை அன்றே பரப்பிக் காற்றாட விடுங்கள். முளைத்துவிடும்போல் இருந்தால் வீட்டுத் தேவைக்கு அவித்துவிடலாம். விதை நெல்லை மட்டும் மழைக்கு முன்பே காற்றுப் புகாத டின்னில் அடைத்துப் பரணில் ஏற்றிவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையை மனிதருக்கும் கூடாது, மாட்டுக்கும் கூடாது. அதிலுள்ள நஞ்சு வேக வைத்தாலும் போகாது. பூச்சி மருந்து டப்பாக்களை நீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வளைகளில் நீர் புகுந்ததும் பாம்புகள் வீட்டைத் தேடி வரும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் தெரியாததால் ‘பூச்சி கடித்திருக்கும்’ என்று மறுபடி தூங்கிவிடுவார்கள். மழைக் காலத்தில் கட்டிலில் கொசுவலைக்குள் படுப்பது இதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு. கடித்தால் கீறவோ, இறுகக் கட்டவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். நடக்க விடாமல் நேரே அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 108க்குச் சொன்னால் வண்டி வரும். காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சல் கண்டால் நீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்துபவர்கள் வெளுப்புத் தூள் இட வேண்டும். சாதாரணமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வெளி நீர் புகுந்த கிணறானால் இரு மடங்கு. 10 அடி விட்டமும் 10 அடி நீரும் உள்ள கிணற்றில் சுமார் 22,000 லிட்டர் இருக்கும் என்பதால் 55 கிராம் அல்லது 110 கிராம் தேவை. தூளை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் விட வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்து எடுத்து, காய்ச்சிக் குடியுங்கள். சுற்றுச் சுவர் கட்டாத கிணற்றை மழை நின்றதும் அவசரமாக இறைத்து வற்ற வைக்காதீர்கள். ஊறிய மண்ணுக்கு உள்ளிருக்கும் நீர்தான் தாங்கல். அது போனதும் பக்கம் சரியும்.

நிவாரணம் கேட்க

இடிந்த இடத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்வதற்கு முன், செல்பேசியில் தேதி தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். மத்திய அரசின் 2022–2026க்கான பேரிடர் நிவாரண விதிகளில், சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, அழிந்த குடிசைக்கு ரூ.8,000, 15 சதத்துக்குக் குறையாமல் சேதமடைந்த மண் வீட்டுக்கு ரூ.4,000, இறந்த கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று வகுக்கப்பட்டிருந்தது. விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறுவதால், நடப்புத் தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இறந்த மாட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்வையிடச் செய்து சான்று வாங்குவது முக்கியம். இதைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு அலைபவர்கள் பலர். கால்நடை அவசர ஊர்தியின் எண் 1962.

பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரே இடத்தில் வையுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இந்த எண்களைச் செல்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீட்டின் உறுதியான சுவர் ஒன்றில் கரியால் எழுதி வையுங்கள். மழை இரவில் செல்பேசியில் சார்ஜ் இருக்காது.